முக்காலி டீப்பாயான கதை

நம் காலனியில் எவர் வீட்டினுள் சென்றாலும், முன்னறையில் நம்மை எதிர்கொள்வது ஒரு சிறு மேசை. காலையில் செய்தித்தாள் அதன்மீது கிடக்கும். மாலையில் பிள்ளைகள் அதன்மீது புத்தகங்களைப் பரப்பியிருப்பர். விருந்தினர் வந்துவிட்டாலோ இரண்டும் அகற்றப்பட்டு, நுரை ததும்பும் காப்பியோடு தட்டு அங்கே வந்தமரும். இதற்கு நாம் வழங்கும் பெயர் டீப்பாய். காப்பி வைக்கும் பலகைக்குத் தேநீரின் பெயர் எவ்வாறு வாய்த்தது என்று நம்மில் எவரும் கேட்டதில்லை. பழகிய பொருளைப் பற்றிக் கேள்வி கேட்பது நம் வழக்கமன்று.

அண்மைக் காலமாக இந்த டீப்பாய்க்கு ஒரு புது மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. புதிதாகச் செய்வித்ததைக் காட்டிலும் பழையதே சிறந்தது என்னும் எண்ணம் நம்மிடையே பரவி வருகிறது. நல்ல எண்ணந்தான். ஆயினும், நம் அன்பர் ஒருவர் 'இருநூறு ஆண்டுப் பழமையான காப்பி மேசை' என்று ஒரு நகரத்துக் கடையில் சொன்னதை நம்பி, ஓராண்டுப் போனசுத் தொகை முழுவதையும் கொடுத்து ஒன்றை வாங்கி வந்தார். அதே மாதத்தில், எருத்தேன்பதியில் அவருடைய பாட்டனார் வீட்டைப் பிரித்தபோது, பரண்மேல் கிடந்த முக்காலிகள் இரண்டு விறகு விலைக்குப் போயின. இவ்விரு செய்திகளையும் ஒருங்கே கேட்டபோது, இப்பொருளின் வரலாற்றை நம் மலரில் எழுதுவது வீண்வேலை ஆகாது எனத் தோன்றிற்று.

பெயரிலிருந்து தொடங்குவோம். டீப்பாய் என்பதில் டீயும் இல்லை, பாயும் இல்லை. இந்தியில் 'தீன்' என்றால் மூன்று. 'பாயா' என்பது கால். பாரசீகத்திலிருந்து வந்த சொல். மூன்று கால் உடையது 'திபாயி' ஆயிற்று. நான்கு கால் உடைய கயிற்றுக் கட்டில் 'சார்பாயி' ஆயிற்று. வடநாட்டில் குடியிருந்த ஆங்கிலேயர் தம் வீட்டுச் சிறு மேசைக்கு வேலையாட்கள் சொன்ன பெயரையே தாமும் சொல்லத் தொடங்கினர். எழுதும்போது, காதில் விழுந்த ஒலி தேநீரைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லை ஒத்திருக்கக் கண்டு, அதற்கேற்ப எழுத்துக் கூட்டினர். பெயர் கடல் கடந்து இங்கிலாந்து சென்றதும் பொருளே மாறிவிட்டது. அங்கே 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தேயிலையைப் பூட்டி வைக்கும் பெட்டியைத் தாங்கிய ஒற்றைத் தண்டு மேசைக்கு அப்பெயர் இடப்பட்டது. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளியிட்ட 'ஆப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதி, இதற்கும் தேநீருக்கும் உறவில்லை என்று தெளிவாகவே கூறியிருக்கிறது. அகராதியை யார் பார்க்கிறார்கள்? தேநீரின் வாடை ஏறிய அச்சொல் மீண்டும் நம் நாடு வந்து, மதராசு வழியாக நம் முன்னறையில் புகுந்து, காப்பியைத் தாங்கி நிற்கிறது.

இவ்வளவு சுற்றி வந்த சொல்லுக்கு நேர்ப்பொருள் தரும் சொல் நம்மிடம் முன்பே இருந்தது: முக்காலி. இன்றைய டீப்பாய்களுக்குப் பெரும்பாலும் நான்கு கால்கள். ஆகவே நாம் நாளும் 'நான்கு கால் முக்காலி' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூன்று கால் வைத்தவர் மரத்தில் சிக்கனம் பிடித்தார் என்று எண்ண வேண்டா. மண்ணைக் கொட்டித் திமிசு போட்டுச் சாணம் மெழுகிய தரை எங்கும் ஒரே மட்டமாக இராது. நான்கு கால் பொருளை அதன்மேல் வைத்தால் ஒரு கால் எப்போதும் அந்தரத்தில் நிற்கும். மூன்று கால் வைத்தால் தரை எப்படியிருந்தாலும் மூன்றும் ஊன்றும். பலகை சற்றே சாயலாம், ஆடாது. சிமிட்டித் தரையும் ஓட்டுத் தரையும் வந்தபின்னரே நான்காம் காலுக்கு வேலை வந்தது.

இனி, மேசை என்பதையே எடுத்துக்கொள்வோம். அச்சொல் தமிழன்று, போர்த்துகீசியர் தந்தது. அலமாரி, சாவி, ஜன்னல் ஆகியவற்றோடு கப்பலில் வந்து இறங்கியது. கட்டில் நம்முடையது. முரசு வைக்கும் கட்டிலில் அறியாது படுத்துறங்கிய மோசிகீரனாரைச் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளால் வெட்டாமல் கவரி வீசிய செய்தியைப் புறநானூறு வாயிலாக நாம் அறிவோம். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் பாண்டில் என்னும் பெயரோடு வருகிறது. நாற்பதாண்டு நிரம்பிப் போரில் வீழ்ந்த யானையின் தந்தத்தை இழைத்துச் செய்ததாம் அது. ஆனால் இவையெல்லாம் அரசர் வீட்டுப் பொருள்கள். குடிமக்களின் வீட்டில் பாய், தடுக்கு, மணை, பலகை, திண்ணை. சற்று வசதியிருந்தால் ஊஞ்சல். தரையில் அமர்ந்து தரையிலேயே இலை விரித்து உண்பவர்க்கு உயர்ந்த பலகை ஒன்று எதற்கு? விளக்கு வைக்கவும், குத்துக்கல்லுக்கு மாற்றாக ஏறி நின்று பரணில் பொருள் எடுக்கவுமே முக்காலி பயன்பட்டது.

அதை நடுக்கூடத்திற்கு இழுத்து வந்தது காப்பி. நெல்லியாம்பதி மலையில் காப்பித் தோட்டங்கள் தோன்றிய பின்னரும், காப்பி குடிக்கும் பழக்கம் தமிழர் வீடுகளில் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுந்தான். ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-இல் எழுதி வெளியிட்ட நூலின் பெயரே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்பது. காப்பியோடு காப்பிக் கிளப்புகள் வந்தன. அங்கே பளிங்கு பதித்த மேசைகள் வந்தன. ஆயின் மேசை வந்தவுடன் சமமும் வந்துவிடவில்லை. 'பிராமணாள்' என்றும் 'இதராள்' என்றும் தட்டி கட்டிப் பிரித்த காலம் அது. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலேயே அந்தத் தட்டி நின்றது. பெரியார் ஈ.வெ.ரா.வும் அவர் இயக்கத்தாரும் தொடர்ந்து நடத்திய கிளர்ச்சியின் பயனாக, 1941-இல் இரயில் நிலையங்களில் அப்பிரிவினை எடுக்கப்பட்டது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் தனிக் குவளை அதன்பிறகும் நெடுங்காலம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஒரே மேசையின் நாற்புறமும் வெவ்வேறு சாதியார் அமர்ந்து ஒரே தட்டிலிருந்து தம்ளரை எடுப்பது நம் காலனியில் இன்று இயல்பாக நடக்கிறது. நம் பாட்டனார் காலத்தில் அது நடந்திருக்காது.

இந்த வரலாற்றிலிருந்து வாங்குவோர் கொள்ளத்தக்க முதற் செய்தி ஒன்று உண்டு. முழங்கால் உயரத்தில், சாய்வு இருக்கைக்கு முன்னால் தாழ்ந்து கிடக்கும் காப்பி மேசை என்னும் உருவம் மேல்நாட்டிலேயே 20-ஆம் நூற்றாண்டில்தான் பெருவழக்குக்கு வந்தது. அதற்கு முன்னிருந்தவை உயரமான சிறு மேசைகள். ஆதலின் இருநூறு ஆண்டுப் பழமை வாய்ந்த தாழ்ந்த காப்பி மேசை என்று ஒருவர் விற்றால், மூன்றில் ஒன்று உண்மையாக இருக்கும்: உயரமான பழைய மேசையின் கால்களை அறுத்திருப்பர், அல்லது பழைய கதவையோ பத்தாயப் பலகையையோ எடுத்துப் புதுக்கால் பூட்டியிருப்பர், அல்லது பொருளே புதிதாக இருக்கும். இம்மூன்றும் வாங்கத் தகாதவை என்று நாம் கூறவில்லை. பழங்கதவில் செய்த மேசை அழகாகவே இருக்கலாம். ஆட்டுக்கல்லின் மேல் கண்ணாடி பதித்து டீப்பாய் என்போரும் உளர். அவர்கள் வீட்டில் இட்லிக்கு மாவு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை. கதவுக்குக் கதவின் விலையையும் மேசைக்கு மேசையின் விலையையும் கொடுப்பதே முறை என்பதுதான் நம் கருத்து.

மேசையின் கதையைக் கடைக்காரர் சொல்வார். மரத்தின் கதையை மரமே சொல்லும். அந்தக் கதை எருத்தேன்பதிக்காரருக்கு அயலாருடையதன்று.

எருத்தேன்பதி வறண்ட சமவெளி. பனையும் தென்னையும் நிற்கும், தேக்கு நிற்காது. ஆனால் வானம் தெளிந்த நாளில் தெற்கே பார்த்தால் நீலமாகத் தெரியும் ஆனைமலைத் தொடரில்தான் உலகம் அறிந்த தேக்கு விளைந்தது. மேல்நாட்டார் தேக்கைக் குறிக்க வழங்கும் சொல்லே, மலையாளமும் தமிழும் வழங்கும் இப்பகுதியிலிருந்து போர்த்துகீசியர் எடுத்துச் சென்ற 'தேக்கு'தான். அவர்கள் வருவதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது செங்கடல் சென்றிருக்கிறது. எகிப்து நாட்டின் பெரனிகே என்னும் பழந்துறைமுகத்தை அகழ்ந்தவர்கள், உடைந்த மரக்கலங்களிலிருந்து கழற்றிக் கட்டடங்களில் மீண்டும் பயன்படுத்திய தேக்கு மரத் துண்டுகளையும், ஒரு பெரிய தாழி நிறைய ஏழரைக் கிலோ மிளகையும் கண்டெடுத்தனர். பழைய மரத்தை மீண்டும் பயன்படுத்துவது இன்று தோன்றிய நாகரிகம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பம்பாயில் பார்சிக் கப்பல் தச்சர்களான வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கைக் கொண்டு ஆங்கிலக் கடற்படைக்குக் கப்பல் கட்டினர். அவற்றுள் ஒன்று 1817-இல் நீரில் இறக்கப்பட்டது. இன்றும் இங்கிலாந்தில் ஆர்ட்டில்பூல் துறைமுகத்தில் காட்சிப் பொருளாக மிதக்கிறது. அதன் பெயர் 'திரிங்கோமலி', அதாவது நம் திருகோணமலை. இருநூறு ஆண்டு தண்ணீரில் நின்ற மரம் முன்னறையில் நிற்காதா என்று நம் அன்பர்கள் கேட்கலாம். நிற்கும். அது தேக்காக இருந்தால்.

கப்பலுக்கும் கோட்டைக்கும் வெட்டி வெட்டி மலபார்க் காடுகள் மொட்டையாகிவிட்ட நிலையில், மலபார்க் கலெக்டராக இருந்த கானொலி என்பவர் 1840-களில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்க முற்பட்டார். அவருக்குத் துணைநின்று நட்டு வளர்த்தவர் சாத்து மேனன். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று அதைக் குறிப்பிடுவர். ஏறக்குறைய அதே காலத்தில், 1848 வாக்கில், பம்பாய்க் கப்பல் தளத்துக்கு மரம் அனுப்புவதற்காக மைக்கேல் என்னும் படை அதிகாரி ஆனைமலைக்கு வந்தார். மலை உச்சியிலிருந்து அடிமரங்களைச் சரிவில் உருட்டிவிட்டு அடிவாரத்திற்குக் கொண்டுவந்தனர். அந்த இடத்திற்கு 'டாப் சிலிப்' என்ற பெயர் அதனாலேயே நிலைத்தது. வெட்டியவரும் இழுத்தவரும் காடர், மலசர் முதலிய மலைமக்கள். அவர்களோடு யானைகளும் எருதுகளும். பம்பாய்க் கப்பலுக்கும் துரைமார் வீட்டு மேசைக்கும் மரம் இறக்கிய அம்மக்களின் மூங்கில் குடிசைகளில் மேசைக்கு இடம் ஏது?

மலையின் மேற்குச் சரிவு கொச்சி அரசருக்கு உரியது. சிற்றூர் வட்டமும் அன்று கொச்சி அரசைச் சேர்ந்ததே. ஆகவே எருத்தேன்பதியார் கொச்சிக் குடிகளாயிருந்து, 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சிக் குடிகளாகி, 1956 நவம்பர் முதல் நாளில் கேரளத்தவர் ஆயினர். பேச்சும் திருவிழாவும் மாறவில்லை. கொச்சி அரசு பறம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடி இரயில் நிலையத்திற்குக் கொண்டுசெல்லவென்றே, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளத்திற்கு மீட்டர் அகலத்தில் ஒரு காட்டு டிராம் பாதை அமைத்தது. 1907 முதல் 1963 வரை அது இயங்கிற்று. இரயில்வேக் குடும்பங்களாகிய நமக்கு அதில் ஒரு சுவையான செய்தி உண்டு. செங்குத்துச் சரிவுகளில் அங்கே எஞ்சின் இல்லை. மரம் ஏற்றிய வண்டி தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். அதே கம்பிவடத்தின் மறுமுனையில் கட்டிய வெற்று வண்டி மேலே ஏறும். மரமே எரிபொருள்! பறம்பிக்குளம் 2010-இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. அங்கே கன்னிமாரா என்னும் தேக்கு, ஏறக்குறைய ஏழு மீட்டர் சுற்றளவோடு இன்றும் நிற்கிறது. அதற்கு வயது நானூறுக்கு மேல் என்பர். கேரளத்தில் உள்ள அவ்விடத்திற்குச் சாலை வழியாகச் செல்ல வேண்டுமானால், தமிழ்நாட்டுச் சேத்துமடையைக் கடந்தே செல்ல வேண்டும் என்பது எல்லையூர்க்காரர் நன்கறிந்த வேடிக்கை.

மலபார்த் தேக்கு குறையக் குறையப் பர்மாத் தேக்கு வந்தது. பர்மாவின் கடைசி மன்னர் தீபா நாடிழந்து இரத்தினகிரியில் சிறையிருக்க நேர்ந்த 1885-ஆம் ஆண்டுப் போருக்கு, ஓர் ஆங்கிலத் தேக்குக் கம்பெனிக்கு மன்னர் அரசு விதித்த தண்டமே உடனடிக் காரணமாகக் காட்டப்பட்டது. அந்தத் தேக்குதான் செட்டிநாட்டு மாளிகைகளின் தூணாகவும் கதவாகவும் நிற்கிறது. 1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றிய பின் அந்த வாழ்வு சரிந்தது. பிறகு பிரிக்கப்பட்ட மாளிகைகளின் மரச்சாமான்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் குவிந்தன. அவ்வாறே கொச்சி மட்டாஞ்சேரிக் கடைகளில் மலபார் வீடுகளின் சாமான்கள் குவிந்தன. நம் அன்பர்கள் தேடிச் செல்லும் கடைகள் பெரும்பாலும் இவ்விரு ஊர்களிலுமே உள்ளன.

இனி நம் துறைக்கு வருவோம். 1862-இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு, இருப்புப் பாதை பாலக்காட்டுக் கணவாய் வழியே முடிவுற்றது. அதற்கு வேண்டிய குறுக்குக் கட்டைகளுக்காகவும் காடு இறங்கிற்று. வண்டிகளின் உடலும் மரமே. பெரம்பூரில் 1955 அக்டோபர் 2-இல் இரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கி எஃகுப் பெட்டிகள் வெளிவந்த பின்னரும், பழைய மரப்பெட்டிகள் பல்லாண்டு ஓடின. நிலையங்களின் காத்திருப்பு அறைகளிலும் அலுவலகங்களிலும் இருந்த மேசை நாற்காலிகள் தேக்கில் செய்தவை. அவற்றின் அடியில் கம்பெனியின் முதலெழுத்துகளைச் சூடிட்டோ கொத்தியோ பொறிப்பது வழக்கம். 'எஸ்.ஐ.ஆர்.' என்று கண்டால் அது தென்னிந்திய இரயில்வே. சோலார்ப்பேட்டையிலிருந்து மங்களூர் வரையிலான நம் பாதை 1908-இல் அதன் ஆளுகைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14-இல் அக்கம்பெனியின் பெயர் மறைந்து தென்னக இரயில்வே பிறந்தது. ஆகவே, அம்முத்திரை பொய்யல்லாததாயின், அப்பொருள் 1951-க்கு முற்பட்டது என்று துணியலாம். கடைக்காரரின் வாய்மொழி எதுவும் இத்தனை துல்லியமாகத் தேதி சொல்லாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இரயில்வே கழித்த பொருள் ஏலத்தில் போயிருந்தால் அதற்குச் சீட்டு இருக்கும். சீட்டு இல்லாத முத்திரை மேசையை நம்மவர் வாங்கி முன்னறையில் இட்டால், இரயில்வே சொத்துகளைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது பற்றிய 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விளக்கம் சொல்ல வேண்டி நேரலாம். பிறர்க்கு அது அழகுப் பொருள். நமக்கு அது குற்றப்பத்திரிகை! பழைய குறுக்குக் கட்டையில் செய்த மேசையைப் பற்றியும் ஒரு சொல். தேக்கும் சால மரமும் தம் இயல்பாலேயே உழைப்பவை. மலைநாட்டு ஊசியிலை மரக் கட்டைகளுக்கோ கிரியோசோட் என்னும் கீல் எண்ணெயை ஏற்றுவர். அந்நெடி வீசும் கட்டை, குழந்தைகள் கைவைத்துத் தின்னும் மேசைக்கு ஆகாது. அது உடலுக்குத் தீங்கு விளைப்பது.

மேசை வாங்கச் செல்வோர் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேற்பலகையை எவரும் மெருகேற்றுவர். அடிப்பலகையை மெருகேற்றுவார் இலர். பழைய வேலையில் ஒரு கட்டையில் துளையிட்டு, மறு கட்டையின் முனையைச் செதுக்கி அதில் செருகி, மர ஆணியோ மூங்கில் ஆணியோ அடித்திருப்பர். இழைப்புளியின் அலைகள் அடிப்புறத்தில் விரலுக்குத் தட்டுப்படும். திருகாணி இருந்தால் அதன் தலையைப் பார்க்க. ஒற்றைக் கோடு வெட்டியிருந்தால் பழையதாகவும் இருக்கலாம். கூட்டல் குறி போல வெட்டியிருந்தால், அவ்வகை அமெரிக்காவில் 1930-களில் தோன்றியது. ஆகவே அதற்குப் பிந்திய வேலை, அல்லது பிந்திய பழுதுபார்ப்பு. முன்னே சொன்ன 'இருநூறாண்டு' மேசையின் அடியில் கூட்டல் குறிகள் பதினாறு இருந்தன. வட்டமான மேசையாயின் ஒரு நூலைக்கொண்டு இருபுறமும் அளக்க. மரம் நார் ஓடும் வாக்கில் சுருங்காது, குறுக்கே சுருங்கும். நூறாண்டு கடந்த பலகை சரியான வட்டமாக இராது. நூல் ஒரே அளவு காட்டினால் ஐயுறுக.

மரத்தின் உட்பகுதியைப் பற்றித் தொல்காப்பியர் கூறியது இன்றும் தச்சர்க்குப் பயன்படும். உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் அவர் பிரித்தார். நம் பனை அவர் கணக்கில் புல். தேக்கில் வயிரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதி பூச்சிக்கு இரை. பேராசையால் அதையும் சேர்த்தறுத்த மேசை தேக்கேயாயினும் உளுக்கும். காலடியில் மாவு போன்ற தூள் புதிதாக உதிர்ந்திருந்தால் உள்ளே பூச்சி உயிரோடிருக்கிறது. துளை மட்டும் இருந்து தூள் இல்லையேல் பெரும்பாலும் பழைய காயம். பழுப்பு ஓடிய கருநிறமும் மிகுந்த கனமும் இருந்தால் ஈட்டி மரமாகலாம். ஈட்டி வகைகள் அனைத்தும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளன. வண்ணம் பூசிய பழம்பொருளைச் சுரண்டித் தேய்க்கையில் தூள் பறக்க விடலாகாது. நம் நாட்டு வீட்டு வண்ணங்களில் ஈயத்திற்கு வரம்பு வந்ததே 2017-இல்தான். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது விளையாட்டன்று.

பழைய மெருகு பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் ஏற்றியது. காப்பிக் குடியரான நமக்கு அதனோடு ஒரு பகை உண்டு. கொதிக்கும் டவராவை நேரே வைத்தால் வெள்ளை வளையம் விழுந்துவிடும். ஒரு சிறு தடுக்கு போதும். மெருகை முழுதும் சுரண்டிப் புதிதாகப் பளபளக்கச் செய்வது, பாட்டியின் முகச்சுருக்கத்தை இஸ்திரி போடுவதை ஒக்கும்.

வெளிநாட்டில் வாழும் மக்களுக்கு அனுப்ப எண்ணுவோர் ஒன்றறிக. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப இயலாது. உண்மையில் பழையதாயின் அனுப்ப முடியாது. அனுப்ப முடிந்தால் பழையதன்று. கடைக்காரர் 'நூற்றைம்பது ஆண்டுப் பழையது, துபாய்க்கும் அனுப்பித் தருவோம்' என்று ஒரே மூச்சில் சொன்னால், இரண்டில் ஒன்று பொய்.

எருத்தேன்பதிப் பக்கத்து வீடுகளில் எஞ்சியிருக்கும் முக்காலிகள் பெரும்பாலும் தேக்கல்ல. வேம்பும் பலாவும் பூவரசும் வாகையும் தோட்டத்தில் வெட்டியவை. ஊர் ஆசாரி நெல்லுக்கும் வேட்டிக்கும் செய்து தந்தவை. கடைத்தெருவில் அவற்றுக்குப் பெருவிலை இல்லை. நம் முன்னறைச் சாய்விருக்கைகளுக்கு அவை சற்று உயரந்தான். கால்களை அறுக்க ஆளை அழைப்பதற்கு முன், அவற்றை இருக்கையின் முன்னால் இடாமல் பக்கத்தில் இட்டுப் பாருங்கள். கை எட்டும் இடத்தில் தம்ளர் நிற்கும். ஊரில் மூத்தோர் இருக்கும்போதே, அதைச் செய்தவர் யார், எந்த மரம், யாருடைய திருமணத்திற்கு எந்த ஆண்டில் வந்தது என்று கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதி அடிப்பலகையில் ஒட்டிவிடலாம். பென்சிலால் எழுதுக, மை நாளடைவில் மங்கும், பென்சில் மங்காது.